கணினி கோளாறா? முதல் அரை மணி நேரத்தில் எதைச் செய்வது, எதைத் தொடக் கூடாது

பினாங்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை, பட்டர்வொர்த்தில் உதிரிபாகக் கடை, ஆயர் ஈத்தாமில் குடும்பம் இருக்கும் வீடு என்று எங்கே பார்த்தாலும் இப்போது நிலைமை ஒன்றுதான். பில், கணக்கு, சம்பளம், இ-இன்வோய்ஸ், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. பெட்டி கெட்டால் புதிதாக வாங்கிவிடலாம். உள்ளே இருப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வணிகக் கணக்குகளை 7 ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று மலேசிய வருமான வரிச் சட்டமும் சொல்கிறது.

கோளாறு தானாகச் செய்யும் சேதத்தைவிட, பதற்றத்தில் நாம் செய்யும் சேதமே பல நேரம் பெரிது. அதனால் ஒவ்வொரு அறிகுறியிலும் எதைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். எதில் கை வைப்பதற்கு முன்னும் திரையையும் எரியும் விளக்குகளையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, கம்ப்யூட்டர் வேலை செய்யல, வந்து பாருங்க" என்றால் பழுதுபார்ப்பவர் வெறுங்கையோடுதான் வருவார். "இடிக்குப் பிறகு காற்றாடியே சுத்தல, மானிட்டர் விளக்கு மட்டும் எரியுது" என்று சொல்லிப் பாருங்கள், பவர் சப்ளையைக் கையோடு எடுத்து வருவார்.

இடி மழை ஓய்ந்தது, கணினிக்கு உயிரே இல்லை

முதலில் வீட்டு மின்சாரத்தைப் பிரித்துவிடும் டிபி பெட்டியைத் திறந்து பாருங்கள். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஈஎல்சிபி சுவிட்ச் இறங்கியிருக்கலாம், இடிக்கு அது இறங்குவது சகஜம். தூக்கியவுடன் மறுபடி இறங்கினால் வம்படியாகத் தூக்கிக்கொண்டிருக்காதீர்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டுத் தூக்குங்கள், பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது இறங்குகிறதோ அதில்தான் கசிவு.

ஈஎல்சிபி சரியாக இருந்தால், அதே சாக்கெட்டில் கைப்பேசி சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். சாக்கெட்டில் கரண்ட் உண்டு, கணினியில் மட்டும் இல்லை என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, கணினியின் பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். பிறகு செருகி முயலுங்கள். மேசைக் கணினியின் பின்புறம், பவர் சப்ளைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கூட்டித் துடைக்கும்போது அதைத் தட்டிவிட்டிருக்கலாம். நம் மூன்று முள் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸும் உண்டு. வேறு நல்ல கேபிளை மாற்றிப் போட்டால் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் போயிருப்பது பவர் சப்ளைதான். டிஸ்க் தப்பித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு, பதற வேண்டாம். பவர் சப்ளையை முழுசாக மாற்றுங்கள், அதன் மூடியை மட்டும் திறக்காதீர்கள்: பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் ஆளைத் தாக்கும் அளவுக்கு மின்சாரம் நிற்கும்.

கணினி ஓடுகிறது, இணையம் மட்டும் இல்லை என்பது இடியின் இன்னொரு முகம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் ஃபைபர் வழியாக இடி வராது. ஆனால் ஃபைபர் பெட்டியின் அடாப்டர் சாக்கெட்டில் இருக்கிறது. அங்கிருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து கணினிக்கும் செம்புக் கம்பி ஓடுகிறது. இடி அந்த வழியில் வரும். வைஃபை வேலை செய்கிறது, லேன் கேபிள் செருகும் இடத்தில் மட்டும் விளக்கு எரியவில்லை என்றால் பெரும்பாலும் கணினியின் லேன் போர்ட் எரிந்திருக்கும். அதற்காக மதர்போர்டை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று போதும். ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம்: இழை எங்கோ முறிந்திருக்கும் அல்லது மடங்கியிருக்கும். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை, சேவை நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள்.

அடுத்த இடிக்கு முன் செய்ய வேண்டியது இது. சர்ஜ் பாதுகாப்புள்ள பலகை எர்த் கம்பியை நம்பித்தான் முழுப் பாதுகாப்புத் தரும். ஜோர்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனை வைத்து ஒருமுறை சோதியுங்கள். பலகைக்குள் இருக்கும் பாதுகாப்புப் பாகம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். 'புரொடெக்டட்' விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் நீட்டிப்புப் பலகைதான், தூக்கிப் போட்டுவிடுங்கள். அடி நேரடியாக விழுந்தால் எந்தப் பலகையும் நிற்காது. கடை சாத்தும்போது மின் பிளக்கையும் லேன் கேபிளையும் சேர்த்துக் கழற்றுவதே கெட்டியான பாதுகாப்பு.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 650 விஏ என்று போட்ட பெட்டி தாங்குவது ஏறக்குறைய 360 வாட். ஒரு பில் கணினி, மானிட்டர், ரவுட்டர் மூன்றுக்கும் அது போதும்: கரண்ட் போனால் கோப்பைச் சேமித்து ஒழுங்காக அணைக்க நேரம் கிடைக்கும். லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ் பேட்டரிப் பக்கம் செருகவே கூடாது. உள்ளே இருக்கும் சூடேற்றி ஒரே இழுப்பில் பல நூறு வாட் இழுக்கும், யுபிஎஸ் அப்போதே அணைந்துவிடும். பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட் ஈயப் பேட்டரி. வெயில் படும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தால் ஆயுள் பாதியாகிவிடும். மூன்று ஆண்டு ஆனதும், கெடும்வரை காத்திருக்காமல் மாற்றுங்கள்.

காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் மதர்போர்டு பக்கத்துத் துளையில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கலாம். அது இல்லையென்றால் பிளக்கைக் கழற்றி, ரேம் பட்டைகளை எடுத்து, தங்க நிறப் பற்களைச் சுத்தமான அழிரப்பரால் மெல்லத் துடைத்து, 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் இந்த ஒரு வேலையிலேயே பல கணினிகள் எழுந்துவிடும். இரண்டு பட்டை இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள்.

வங்கித் தளம், வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ், எதைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது'

ஒரு தளம் மட்டும் அப்படிச் சொன்னால் அந்த எச்சரிக்கையை நம்பி விலகுங்கள். எல்லாத் தளமும் சொன்னால் முதலில் திரையின் ஓரத்தில் தேதியைப் பாருங்கள். 2019 என்றோ வேறு ஏதோ பழைய ஆண்டு என்றோ காட்டினால் அதுதான் காரணம். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு; கணினியின் நாள் அதற்கு வெளியே இருந்தால் உலாவி மறுத்துவிடும். செட்டிங்ஸில் நேரத்தைத் தானியங்கியாக வைத்து, நேர மண்டலத்தில் 'கோலாலம்பூர், சிங்கப்பூர்' என்ற +8 வரியைத் தேர்ந்தெடுங்கள். பிளக்கைக் கழற்றிப் போட்டதும் தேதி மறுபடி பின்னால் போகிறதா? மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் எந்தக் கடையிலும் கொடுப்பார்கள். ஆனால் மாற்றுவதற்கு முன், 48 எண்களைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

எச்சரிக்கைப் பக்கத்தில் 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்தி வங்கிக்குள் நுழையும் பழக்கத்தை ஊழியர்களுக்கு ஒருபோதும் கற்றுக்கொடுக்காதீர்கள். கணினி சரியாகும்வரை இ-இன்வோய்ஸ் நிற்க வேண்டியதில்லை, மைஇன்வோய்ஸ் செயலி கைப்பேசியிலும் உண்டு.

பில் வருவதற்குள் வாடிக்கையாளர் சலித்துப் போகிறார்

கணினியை ஆன் செய்து முதல் ஐந்து நிமிடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது தன் சொந்த வேலையைப் பார்க்கும் நேரம். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் எது உச்சத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறதா? ரேம் போதவில்லை. 8 ஜிபியில் ஒரு கணக்கு மென்பொருளும் நாலு உலாவிப் பக்கங்களும் ஓடலாம், அதற்கு மேல் மூச்சு வாங்கும். கடைக்கு 16 ஜிபி வையுங்கள். மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பின்னால் கூட்ட முடியாது. வாங்கும் அன்றே 16 எடுக்க வேண்டியது அதனால்தான்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, அதன் பெயருக்குக் கீழே எச்டிடி என்று எழுதியிருக்கிறது என்றால் நோய் அங்கேதான். சுழலும் பழைய டிஸ்க் இன்றைய விண்டோஸுக்கு ஈடுகொடுக்காது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாற்றினால் ஆறு ஏழு வயதுக் கணினியும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் மாற்றுவதற்கு முன் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள், ஏனென்றால் சாகப்போகும் டிஸ்க்கும் இதே மாதிரிதான் மெதுவாகும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் நீல நிறத்தில் 'குட்' அல்லது மஞ்சளில் 'காஷன்' என்று வரும். அதோடு நின்றுவிடாமல் கீழே பட்டியலில் 05, சி5, சி6 மூன்று வரிகளின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தவித்து, இன்னும் முடிவு தெரியாமல் நிற்கும் துண்டுகள். சி6 படிக்கவே முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 05-இல் சிறிய எண் இருந்து மாதக்கணக்கில் அப்படியே நின்றால் கண்காணித்துக்கொண்டே ஓட்டலாம். சி5-இல் எண் ஏறத் தொடங்கிவிட்டால் அன்றைக்கே முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். முதலில் கணக்குக் கோப்பு, பிறகு ஆவணங்கள், படங்கள். விண்டோஸையும் மென்பொருள்களையும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இந்த நேரத்தில் டிஸ்க் சரிபார்ப்பையோ டிஃப்ராக்கையோ ஓட்டாதீர்கள். மூலை முடுக்கெல்லாம் படிக்கவைத்து, மீதி இருக்கும் உயிரையும் அவை குடித்துவிடும்.

எஸ்எஸ்டி வாங்கும்போது கணினியில் எந்தத் துளை இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய கணினிக்கு இரண்டரை அங்குல சாட்டா வகை. எம்.2 துளை இருந்தாலும் அது சாட்டா எம்.2-வா, என்விஎம்இ-யா என்று போர்டின் கையேட்டைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், மாற்றி வாங்கினால் கணினிக்குத் தெரியவே தெரியாது. டிஸ்க்கை நகலெடுத்த பிறகு பழையதை அழிக்காமல் ஒரு மாதமாவது அலமாரியில் வையுங்கள். புதிய எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள், 15 சதவீதம் காலியாக விட்டால் வேகம் குறையாது.

இணையச் சந்தையில் ஐம்பது அறுபது ரிங்கிட்டுக்கு '16 டிபி' என்று விற்கும் வெளி டிஸ்க்குகளை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்றை வைத்து, பெரிய கொள்ளளவு இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். நகலெடுப்பு வெற்றி என்று வரும், கோப்புப் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. இரண்டு ஆண்டு கழித்துத் தேவைப்படும் அன்றுதான் அது தெரியவரும். புதிய டிஸ்க் எதுவானாலும், கோப்பு போடுவதற்கு முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதி, திரும்பப் படித்துச் சோதியுங்கள். ஓர் இரவு ஆகும், ஆகட்டும்.

மெதுவான கணினியைச் சரிசெய்வதா, புதிதாக வாங்குவதா என்ற கேள்விக்கு இப்போது வேகம் மட்டும் அளவுகோல் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025 அன்று முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் 13.10.2026 வரை கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பாகம் வேண்டும், சிபியு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல். 'டிபிஎம் இல்லை' என்று வந்தால் உடனே கணினியைக் கைவிடாதீர்கள். பல நேரம் அது பயாஸில் (விண்டோஸுக்கு முன் எழும் போர்டின் அமைப்புப் பக்கம்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும், இன்டெல் போர்டில் பிடிடி என்ற பெயரில், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில். ஆறாம் ஏழாம் தலைமுறைக் கணினியில் வங்கி, இ-இன்வோய்ஸ் வேலை செய்பவர்கள் அதில் காசு போடாமல் புதியதற்குச் சேர்த்து வையுங்கள். படம் பார்க்கவும் பிள்ளைகள் எழுதிப் பழகவும் மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில ஆண்டு ஓட்டலாம்.

டிக்... டிக்... டிக்...

டிஸ்க்கிலிருந்து ஒரே தாளத்தில் தட்டும் சத்தம் வந்தால் அணைத்துவிடுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்ப்போமே என்ற எண்ணத்தையும் அணைத்துவிடுங்கள். படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப அலைகிற சத்தம் அது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தட்டின் மேல்பூச்சு சுரண்டப்படலாம், சுரண்டிய பகுதியை எந்த ஆய்வகமும் மீட்க முடியாது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்த நொடியே தட்டில் நீர் கோத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது பணம் கொடுத்தாவது மீட்க வேண்டியதா என்று முடிவெடுத்து, ஆம் என்றால் தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகத்துக்கு, திறக்காமல், அப்படியே அனுப்புங்கள்.

தவறுதலாக அழித்துவிட்ட கோப்பு வேறு கதை. மெமரி கார்டு, சுழலும் டிஸ்க் என்றால் அதில் புதிதாக எதையும் எழுதாமல், வேறு டிஸ்க்கிலிருந்து ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளை ஓட்டினால் நல்ல வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. அழித்த இடத்தை விண்டோஸ் சொல்லிக்கொடுக்க, எஸ்எஸ்டி தானாகவே பின்னணியில் துடைத்துவிடும்.

நீலத் திரை, 48 எண்கள் கேட்கிறது

இது வைரஸ் இல்லை. பிட்லாக்கர் என்ற பூட்டு. பயாஸைப் புதுப்பித்தாலோ, மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸ் அமைப்பு கலைந்தாலோ, 'இது பழைய கணினிதானா' என்ற சந்தேகத்தில் விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்கும். புதிய மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் இந்தப் பூட்டு சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறது. பூட்டியிருப்பதே பலருக்குத் தெரியாது.

திரையில் சாவியின் அடையாள எண் ஒன்று இருக்கும், அதன் முதல் 8 எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு கருவியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, 'டிவைசஸ்' பகுதியில் மீட்புச் சாவிகளைப் பாருங்கள். அடையாள எண் பொருந்தும் சாவிதான் உங்களுடையது. அங்கே இல்லையா? கணினியை முதன்முதலில் அமைத்துக் கொடுத்தவர் யார் என்று யோசியுங்கள். கடைக்காரப் பையன் அவசரத்துக்குத் தன் கணக்கில் நுழைந்து அமைத்துக் கொடுத்திருந்தால் உங்கள் சாவி அவர் கணக்கில் இருக்கும். அலுவலகக் கணினி என்றால் நிறுவனக் கணக்கின் நிர்வாகியிடம் இருக்கும். சாவி எங்குமே இல்லை என்றால் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது.

கணினி நன்றாக ஓடும் இன்றைக்கே, செட்டிங்ஸில் 'என்கிரிப்ஷன்' என்று தேடி, பூட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் சாவியைக் காகிதத்தில் அச்சடித்து, அடையாள அட்டை (ஐசி) நகல்களோடு வீட்டுக் கோப்பில் வையுங்கள். பயாஸ் வேலைக்கும் பேட்டரி மாற்றத்துக்கும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். பூட்டையே எடுத்துவிடலாமா என்று கேட்டால், மடிக்கணினிக்கு வேண்டாம் என்போம். காரில் வைத்தது களவு போனால் வாடிக்கையாளர் விவரங்களைக் காப்பது அந்தப் பூட்டுதான்.

500 எம்பிபிஎஸ் எடுத்தும் 94-க்கு மேல் ஏறவில்லை

வேகச் சோதனை 94, 95 என்று சுவரில் முட்டியது போல நின்றால் சேவை நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் கேபிளை மாற்றுங்கள். லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். மற்ற இரண்டில் ஒரு ஜோடி முறிந்தாலும் இணைப்பு அறுந்துபோகாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு கேபிள்களில் இது அடிக்கடி நடக்கும். முழுச் செம்பு கேட்6 வாங்குங்கள், 100 மீட்டருக்குள் வையுங்கள்.

கடைவீட்டின் முன்பக்கம் ரவுட்டர், பின்பக்கம் அலுவலகம், நடுவில் கனத்த செங்கல் சுவர்கள் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அந்தச் சுவர்களைத் தாண்டாது. 2.4 தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்துக் கடைகள் அத்தனையும் அதே அலைவரிசையில் இருக்கும்; 1, 6, 11 மூன்றில் எது காலி என்று பார்த்து மாற்றுங்கள். நிரந்தரத் தீர்வு, பின்பக்கத்துக்கு ஒரு கேபிளை இழுத்து அங்கே வைஃபை பரப்பும் ஓர் அக்சஸ் பாயின்ட் வைப்பது. சிசிடிவி, வாடிக்கையாளர் வைஃபை இரண்டையும் 'கெஸ்ட்' வலையில் போட்டு, கணக்குக் கணினியிலிருந்து பிரித்துவிடுங்கள்.

கோப்புப் பெயர்கள் மாறிவிட்டன, திரையில் மிரட்டல் கடிதம்

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் இது. லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், யுஎஸ்பி டிஸ்க்குகளைக் கழற்றுங்கள். இதைத்தான் முதல் ஒரு நிமிடத்தில் செய்ய வேண்டும், பக்கத்துக் கணினிகளிலும். பூட்டிய சாவியின் தடயம் சில நேரம் நினைவகத்தில் கிடைக்கும் என்பதால் உடனே அணைக்காதீர்கள் என்று வல்லுநர்கள் சொல்வார்கள். கண்ணெதிரே கோப்புகள் மாறிக்கொண்டே இருந்தால் எங்கள் தீர்ப்பு வேறு: சிறு கடைக்கு மிச்சமிருக்கும் கோப்புகள்தான் பெரிது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

மிரட்டல் கடிதத்தையும் கோப்புப் பெயரின் கடைசியில் ஒட்டிய புதிய வாலையும் படம் எடுங்கள். பூட்டிய கோப்புகளை அழிக்காதீர்கள், உடனே ஃபார்மட்டும் செய்யாதீர்கள். யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் பாதுகாப்பு நிறுவனங்களும் 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் கோப்பு மாதிரியைக் கொடுத்தால் எந்த வகை என்று சொல்லும். சில வகைகளுக்கு இலவசத் திறப்பானும் அங்கேயே உண்டு. இன்று இல்லாத திறப்பான் அடுத்த ஆண்டு வரலாம், பூட்டிய டிஸ்க்கை எடுத்து வைப்பது அதற்காகத்தான். சைபர்999 என்ற இணையப் பாதுகாப்பு உதவி மையத்தில் புகார் கொடுங்கள். வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்கள் கசிந்து அவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு வரக்கூடும் என்றால், 1.6.2025 முதல் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். அதிலிருந்து 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

பணம் கட்டலாமா? கட்டினாலும் கோப்பு திரும்பும் என்ற உறுதி கிடையாது. கட்டாமல் இருக்கும் தைரியம் பேக்கப் வைத்திருப்பவருக்கு மட்டுமே வரும்.

எப்படி நுழைந்தது என்று கண்டுபிடிக்காமல் மறுபடி தொடங்கினால் திரும்பவும் வரும். மூன்று வாசல்களைப் பாருங்கள். வீட்டிலிருந்து கடைக் கணினியைப் பார்க்க ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்து வைத்திருந்தால் இன்றே மூடிவிட்டு விபிஎன் என்ற பூட்டிய இணைப்பு வழியாக நுழையுங்கள். உடைத்த மென்பொருளின் 'ஆக்டிவேட்டர்' முதலில் வைரஸ் காவலை அணைக்கச் சொல்லும், அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மூன்றாவது, மின்னஞ்சலில் 'இன்வோய்ஸ்' என்று வரும் ஜிப் கோப்பு.

பேக்கப்புக்கு இரண்டு வெளி டிஸ்க் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது. நகலெடுத்ததும் கழற்றி, ஒன்று எப்போதும் கடைக்கு வெளியே, வீட்டில் இருக்கட்டும். செருகியே கிடக்கும் டிஸ்க்கையும் வைரஸ் பூட்டிவிடும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஒத்திசைவு மட்டும் போதும் என்று இருக்காதீர்கள், பூட்டிய கோப்பும் அப்படியே மேலே ஏறிவிடும். பழைய பதிப்பை மீட்க ஏறக்குறைய 30 நாள்தான் அவகாசம். கணக்கு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தரவுக் கோப்பை இழுத்து ஒட்டினால் நகல் அரைகுறையாக விழலாம், மென்பொருளின் சொந்த 'பேக்கப்' பொத்தானையே பயன்படுத்துங்கள். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு கணினியில் திறந்து, கடைசி பில் எண் வருகிறதா என்று பாருங்கள்.

'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று சப்ளையரிடமிருந்து மின்னஞ்சல்

பணம் அனுப்பாதீர்கள். மின்னஞ்சலில் இருக்கும் எண்ணை அழைக்காதீர்கள். பழைய பில்லில் அச்சடித்த எண்ணுக்கு அழைத்து, வழக்கமாகப் பேசுபவரிடம் கேளுங்கள்: "அக்கா, கணக்கு நம்பர் மாத்திட்டீங்களாமே, உண்மையா?" அனுப்புநர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருப்பார்கள், பார்வைக்கு ஒன்றாகவே தெரியும். மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அங்கே பதிவு இல்லை என்பது நல்ல கணக்கு என்பதற்குச் சான்று அல்ல.

உங்கள் பெயரில் வாடிக்கையாளருக்கு இப்படி மின்னஞ்சல் போயிருந்தால் உங்கள் அஞ்சல்பெட்டிக்குள் ஆள் இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் போதாது. செட்டிங்ஸில் ஃபில்டர், ரூல்ஸ், ஃபார்வர்டிங் மூன்றையும் பாருங்கள்: 'பேமென்ட்' என்ற சொல் வந்தால் வேறு முகவரிக்கு அனுப்பிவிட்டு உங்கள் பெட்டியிலிருந்து அழித்துவிடு என்று ஒரு விதி ஒளிந்திருக்கும். அதை நீக்குங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்ததைத் திறந்த பிறகு கைப்பேசி தானாக ஆடுகிறது

வந்தது படமோ பிடிஎஃப்போ அல்ல, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு. நிறுவும்போது எஸ்எம்எஸ் படிக்கவும் திரையை இயக்கவும் அனுமதி வாங்கியிருக்கும். வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் டேக் எண் (பணம் அனுப்புவதை உறுதிப்படுத்தும் எண்) உங்களுக்கு வராமல் அவர்களுக்குப் போகும். உடனே ஏரோபிளேன் மோடு. வைஃபையும் அணைந்ததா என்று பாருங்கள். இன்னொருவர் கைப்பேசியிலிருந்து வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தேசிய மோசடி உதவி மையத்தின் 997-க்கும் அழையுங்கள். பல வங்கிகளின் இணையத் தளத்திலேயே நீங்களே முடக்கும் 'கில் சுவிட்ச்' உண்டு, அது எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள். வாட்ஸ்அப்பின் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலில் தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றி, ஆறிலக்கப் பின் பூட்டைப் போடுங்கள்.

போலீஸ் புகாருக்கு அந்தச் செய்தி, அனுப்பிய எண், செயலியின் பெயர் மூன்றையும் படம் எடுத்த பிறகு கைப்பேசியை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கடவுச்சொற்களை வேறு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள். படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் பேக்கப்பிலிருந்து மீட்டுக்கொள்ளுங்கள். செயலிகளை ஒவ்வொன்றாக பிளே ஸ்டோரிலிருந்து புதிதாக இறக்குங்கள், வங்கிச் செயலியைக் கடைசியாக.